பெயர் வைக்காத படகு

பச்சைப் பைன் மரம். அறுத்து ஒரு வாரம் ஆகவில்லை.
ஆணி அடித்தால் பிசின் தெறித்து மீசையில் ஒட்டும்.
முப்பத்திரண்டு அடி நீளம், எட்டடி அகலம்,
இரு முனையும் ஒரே அச்சு.
இடுக்கில் சணல், சணல்மேல் கீல்.
ஒரே ஒரு தடவை போவதற்கென்று கட்டும் படகுக்கு
யாரும் பெயர் வைப்பதில்லை.

சுரங்கத்துக்கு ஏற்றினோம்:
கல் நொறுக்கும் ஆலையின் இரும்புத் தலைகள் ஐந்து,
அறுபது மூட்டை மாவு, பன்றிக் கொழுப்பு, வெடிமருந்து
(பக்கத்தில் புகைக்காதே என்றான் ஏனோக் பாஸ்கோ,
சொன்ன வாயிலேயே சுருட்டைப் பற்றவைத்தான்),
கூண்டில் ஒன்பது கோழிகள்,
வைக்கோல் சுற்றிய கண்ணாடிச் சன்னல் ஒன்று.
சமையற்கட்டு தோரா லிண்ட்க்விஸ்ட்டுக்கு.
உடைந்தால் கூலி கிடையாது.

இந்த ஆற்றில் எதிரேறிப் போவது
சால்மன் மீன் மட்டும்தான்,
அதுவும் சாக.

முன்னால் ஒரு நெடுந்துடுப்பு, பின்னால் ஒன்று.
முன்னது அவனுக்கு, பின்னது எனக்கு.
அதைக்கொண்டு வேகத்தைக் கூட்ட முடியாது, குறைக்கவும் முடியாது.
கொஞ்சம் இந்தப் பக்கம், கொஞ்சம் அந்தப் பக்கம் என்று
தண்ணீரிடம் கேட்கலாம்.
சில சமயம் அதற்குக் காது கேட்கும்.

இரண்டாம் நாள் மலை நெருங்கி வந்தது.
இருபுறமும் கருங்கல், நடுவில் நாங்கள்,
மேலே நாடா அகலத்துக்கு வானம்.
சுருள்கொம்பு ஆடொன்று விளிம்பில் நின்று
மென்றுகொண்டே எங்களைப் பார்த்தது.

பாய்ச்சல் முதலில் காதுக்கு வரும்.
அப்புறம் பலகை வழியே பாதத்துக்கு.
கண்ணுக்கு வரும்போது
யோசிக்கிற நேரம் முடிந்திருக்கும்.

கழுதைக்காது.
நிமிர்ந்த இரண்டு பாறை, நடுவே ஒரு படகுக்கு வழி.
மே மாதம் இடப்பக்கமாக நழுவினோம்.
ஜூலையில் தண்ணீர் ஒரு முழம் இறங்கியிருந்தது.
ஏனோக் திரும்பி ஏதோ கத்தினான்.
வலம் என்றானா, வேண்டாம் என்றானா.
நான் வலம் தள்ளினேன்.

அவன் துடுப்பின் அலகு பாறையில் குத்தியது,
பிடி எகிறி அவன் நெஞ்சில்.
அவ்வளவுதான். கத்தக்கூட இல்லை.
தொப்பி மட்டும் கோழிக்கூண்டின் மேல் உட்கார்ந்திருந்தது.
படகின் விலா நெடுக ஒரு கீறல்,
அரிவாள்போல் வளைந்து, ஒரு முழம்.

மிச்சம் பதினோரு மைல்
முன்துடுப்புக்கும் பின்துடுப்புக்கும் ஓடினேன்.
கோழிகள் பிழைத்தன. சன்னல் பிழைத்தது.

கணக்குப்பிள்ளை இரண்டு ஆள் கூலி எழுதி,
ஒன்றை அடித்தான், பிறகு என் முகத்தைப் பார்த்து
மறுபடி எழுதினான்.
பொழுது சாயுமுன் படகைப் பிரித்துவிட்டார்கள்.
அந்தப் பள்ளத்தாக்கில் நல்ல பலகைக்கு
தங்கத்துக்கு அடுத்த மரியாதை.
துடுப்பு மாட்டும் இரும்பு முளை இரண்டையும் மூட்டை கட்டி
கோவேறுகழுதைத் தடத்தில் பதினோரு நாள் நடந்தேன்.
ஒன்று போதும். இரண்டையும் சுமந்தேன்.

மறுவருடம் வேறு படகு, வேறு கூட்டாளி.
தோராவின் அடுக்களையில் காப்பி கொடுத்தாள்.
சன்னல் வழியே வெயில் விழுந்து
மேசைமேல் படுத்திருந்தது.
நடுவில், அரிவாள்போல், ஒரு முழம்.

அவள் அதன்மேல் ரொட்டி மாவைப் பிசைந்தாள்.
பள்ளத்தில் ஒட்டிய மாவைக்
கொண்டையூசியால் நோண்டி எடுத்தாள்.
"மரம் நல்லாத்தான் இருக்கு,
இழைச்சவன்தான் கவனமில்லாதவன்."
"ஆமாம்," என்றேன்.

"கண்ணாடி எப்படி உடையாம வந்துச்சு?"
"கோழிக்கூண்டுல சாய்ச்சு வச்சிருந்தோம்."
வச்சிருந்தோம் என்றுதான் வாயில் வந்தது.

வெளியே கடப்பாரைகள்.
இந்த வருடப் படகின் ஆணிகள்
ஒவ்வொன்றாகக் கத்திக்கொண்டு வெளியே வந்தன.
அவள் எனக்கு இன்னொரு கோப்பை ஊற்றினாள்.
கோப்பையைக் கீறலின்மேல் வைத்தேன்.
அது நேராக நிற்கவில்லை.